சீனத்தும்மாவின் நான்கு வாரங்கள்

கல்முனையில் நான் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. மட்டக்களப்பில் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டிய பெட்டி அது. நான் கையைத் தட்டிக் கூப்பிடுவதற்குள் பஸ் சந்தையைத் தாண்டி அக்கரைப்பற்றுப் பக்கம் போயே போய்விட்டது. கையில் ஒரு குடை, சட்டைப் பையில் பாஸ்போர்ட், மண்டையைப் பிளக்கும் வெயில், காலில் இங்கிலாந்துக் குளிருக்காக வாங்கிய கனத்த சப்பாத்து. நடுரோட்டில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எதிரே தேநீர்க் கடை. கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "பெட்டிதானே? அது அக்கரைப்பற்று டிப்போவுல இரிக்கும். ஆரும் தொட மாட்டாங்க. நாளைக்குப் போய் எடுக்கலாம். இப்ப உள்ளுக்கு வந்து பிளேன்டீ குடிங்க," என்றார். இப்படிச் சொல்கிற ஊரில்தான் பெட்டிகள் காணாமல் போகும் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் லண்டனில் தனியாக இருந்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

நான் வந்த காரியம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அது என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது காயல்பட்டினத்தில். லண்டனில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு புதுவிதமான வியாபாரம் சூடுபிடித்திருந்தது. கடலோரத்தில் ஒரு வீட்டைக் கட்டி, அதை வாரம் வாரமாகக் கூறு போட்டு விற்பார்கள். ஒரு கூறு வாங்கியவருக்கு வருடத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் அந்த வீடு சொந்தம். ஆயுள் முழுக்க, பிறகு வாரிசுகளுக்கும் சொந்தம். தன் வாரத்தில் போக முடியாதவர் அதை எங்கள் கம்பெனியிடம் ஒப்படைப்பார். பதிலுக்கு வேறொருவர் ஒப்படைத்த வேறொரு ஊர் வீட்டில் ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாற்றிவிடுவதுதான் எங்கள் தொழில். காகிதத்தில் அவ்வளவுதான்.

நடந்தது வேறு. ஒப்படைத்த வாரங்களை எங்கள் கம்பெனி வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டது. சொந்தக்காரர் வந்து மாற்று வாரம் கேட்டால், 'வருந்துகிறோம், இடமில்லை' என்று பதில் போனது. அந்தப் பதில்களைத் தட்டச்சு செய்தவன் நான்தான். செய்யும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் சொந்தக்காரர்கள் கூடி ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். நாங்களும் பழைய கோப்புகளைப் புரட்டினோம். அதில் அகப்பட்டதுதான் சீனத்தும்மாவின் கோப்பு. கல்முனைக்குடியில் இருக்கும் ஒரு விதவை. நான்கு வருடம், நான்கு வாரம் ஒப்படைத்திருக்கிறார். பதிலுக்கு ஒரு வாரம்கூடக் கேட்டதில்லை. நான்கையும் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்தோம். வக்கீல் கையில் இது கிடைத்தால் கம்பெனியின் கதி அதோகதி. கோப்பில் இருந்த கடிதங்கள் எல்லாம் முத்து முத்தான ஆங்கிலத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில், வேறு கையில் எழுத்துக் கூட்டி எழுதிய ஒரு வரி தமிழ். அதைப் படித்துச் சொல்லத்தான் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். 'எங்கட வாரங்கள் பத்திரமா இரிக்குதா?' என்று எழுதியிருந்தது.

நான் விடுமுறைக்கு ஊருக்குப் போகவிருந்தேன். அப்படியே இலங்கைக்கும் போய் வா, கையெழுத்து வாங்கி வா என்றார் மேலாளர். ஸ்பெயின் கடற்கரையில் ஒரு வாரம் தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய ஒற்றைத் தாள்.

அன்று மாலை நான் அந்தக் கோப்பைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சின்ன ஊர், நவம்பர் மாதக் கடைசி வாரம். அந்தக் குளிரில் யாரும் கேட்காத வாரம் என்பதால் அலுவலக ஊழியர்களுக்குச் சொற்ப வாடகைக்குத் தருவார்கள். மூன்றாவது வருடம் அந்த வீட்டில் தங்கியவரின் பெயர் எழுதியிருந்தது. என் பெயர்.

நான் சீனத்தும்மாவின் வீட்டைக் கேட்டதும் தேநீர்க் கடைக்காரர் ஆள் அனுப்பினார்; அரை மணி நேரத்தில் அலியார் மாஸ்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அந்த முத்து ஆங்கிலத்துக்குச் சொந்தக்காரர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வெள்ளைச் சாறன், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. என் கையைப் பிடித்து விடவே இல்லை. "கம்பெனியால ஒரு ஆளையே அனுப்பியிரிக்காங்க. நான் சொன்னன்தானே, இங்கிலீசுக்காரன் எண்டா முறை தப்ப மாட்டான்," என்று கடையில் இருந்தவர்களிடம் சொன்னார். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனத்தும்மாவின் வீடு கடலுக்குப் பக்கம். முற்றத்தில் வெள்ளை மணல், சுத்தமாகக் கூட்டிக் கோடு விழுந்திருந்தது. கூடத்தில் எனக்குக் கதிரை போட்டார்கள். உள்வாசலில் பச்சைத் துணித் திரை. அதற்குப் பின்னால் இருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "வாங்க வாப்பா, இரிங்க. பயணம் சொகமா?"

"சுகம்தான்," என்றேன்.

"நாலு வாரத்தையும் எழுதிக் கொண்டு வந்தீங்களா?"

"காகிதம் பெட்டியில் இருக்கிறது. பெட்டி அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டது," என்றேன். பொய் இல்லை. ஆனால் கோழைத்தனம். திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சந்தோஷச் சிரிப்பு.

நான் ஓய்வு விடுதியில் தங்குகிறேன் என்று சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீனத்தும்மாவின் மூத்த மருமகன் நசீர் தன் சாறன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊரைப் போலவே இங்கும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவது வழக்கம். ஆகவே இது நசீர் வாழும் வீடு, ஆனால் அவர் வீடில்லை. விருந்தாளியை உபசரிப்பதில் அவருக்கு ஒரு தனி அக்கறை இருந்தது. அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

"ஒங்கட உம்மா என்ன குடி?" என்று மாஸ்டர் கேட்டார். இங்கே ஒவ்வொருவருக்கும் தாய்வழியில் ஒரு குடி உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் ஆளை எங்கே வைப்பது என்று தெரியும். எங்கள் ஊரில் குடி கேட்பதில்லை, தெருவைக் கேட்பார்கள் என்றேன். "சரி, தெருவச் சொல்லுங்க," என்றார். சொன்னேன். லண்டனில் ஏழு வருடமாக என் பக்கத்து அறையில் இருப்பவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. நானும் அவர் பெயரைக் கேட்டதில்லை.

மஃரிபு தொழுகை முடிந்ததும் சோறு வந்தது. பாரை மீன் ஆணம், வாழைக்காய்ப் பொரியல், மாசிக் கருவாடு போட்ட சம்பல், கடைசியில் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர். எங்கள் ஊரில் மீன் ஆணத்தில் தேங்காயைக் கொஞ்சம் தாராளமாகவே அரைப்பார்கள். இவர்கள் புளியில் தாராளம். நான் மூன்று தடவை வாங்கித் தின்றேன். நல்ல செய்தி கொண்டுவந்தவனுக்கு வைத்த சோறு என்று தெரிந்தேதான் தின்றேன். பசி அப்படி. வெட்கமும் இருந்தது.

மறுநாள் காலை நசீரின் மோட்டார் சைக்கிளில் பெட்டியைத் தேடிப் புறப்பட்டோம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்குள் ஊர் நுழைந்த மாதிரி போகிறது தெரு. பள்ளிவாசல், கொஞ்ச தூரத்தில் கோயில், மறுபடி பள்ளிவாசல். பெரும்போக அறுவடை முடிந்த நேரம். தார் ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். பஸ்கள் மறுபாதியில் ஒதுங்கி ஊர்ந்தன. நாங்கள் ஒரு வளைவில் ஒதுங்க இடமில்லாமல் நெல்லுக்குள் பாய்ந்துவிட்டோம். சறுக்கி, நான் குடையோடு நெல்லில் உட்கார்ந்தேன். நெல்லுக்குக் காவல் இருந்த அம்மா ஒருத்தி, "பதனம் தம்பி, கல்லு கலக்கப் போகுது," என்றார். கவலை நெல்லைப் பற்றி.

அக்கரைப்பற்று டிப்போவில் என் பெட்டி பத்திரமாக இருந்தது. அதன் மேல் ஒரு கண்டக்டர் உட்கார்ந்து பாண் ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார். எழுந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். நசீர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எனக்குச் சொன்னார்: "ரெண்டு பேர் சேர்ந்துதான் இறக்கினாங்களாம். உள்ளுக்கு என்ன, இங்கிலாந்து ரோட்டையும் கட்டிக் கொண்டு வந்தாரா எண்டு கேக்கார்." லண்டனில் பெட்டி தொலைந்தால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். இங்கே கண்டக்டர் பெட்டியைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். கொஞ்சம் சம்பல் வாசனை மட்டும் ஒட்டியிருந்தது.

திரும்பும் வழியில் நிந்தவூரைத் தாண்டி ஒரு வாய்க்கால் மதகில் நிறுத்தினோம். நசீர் வயலைக் காட்டினார். "இது எங்கட காணி. எங்கட எண்டா, இந்த வருசம் எங்கட. வாற வருசம் எண்ட காக்காட. மறுகா எங்கட. தட்டுமாறுக் காணி. பிரிச்சாத் துண்டு துண்டாப் போயிடும், அதால முறை வெச்சிச் செய்யிறம்." காக்கா என்றால் அண்ணன்; எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

"ஒரு வருடம் உங்களால் செய்ய முடியாவிட்டால்?"

"காக்காக்கிட்டக் குடுப்பன். அவர் செய்வார். ஆனா அந்த முறை எங்கயும் போகாதே. மறுகா ரெண்டு வருசம் சேர்த்து நான் செய்வன். குடுத்த முறை திரும்பி வந்துதானே ஆகணும்?" பிறகு என்னைப் பார்த்து, "ஒங்கட கம்பெனி வீட்டுச் சங்கதியும் இதுதானே. அதாலதான் மாஸ்டர் மாமிக்கிட்டச் சொன்னார், ஒவ்வொரு முறையா ஒப்படைங்க, நாலும் சேர்ந்து ஒண்டா வரும் எண்டு," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அலுவலகத்தில் இந்தக் கோப்பைப் பார்த்த எல்லோரும் கேட்ட கேள்வி, இந்தப் பெண் ஏன் ஒரு வாரம்கூடத் திருப்பிக் கேட்கவில்லை என்பதுதான். அவருக்கு ஏமாளி என்று பெயர் வைத்திருந்தோம். அவர் கேட்காததற்குக் காரணம், தான் சேர்த்து வைத்திருப்பதாக நினைத்ததுதான். எங்கள் விதிப்படி, ஒப்படைத்த வாரத்தை இரண்டு வருடத்துக்குள் கேட்காவிட்டால் காலாவதி. அது படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. மாஸ்டர் அதைப் படித்திருப்பார். ஆனால் கொடுத்த முறை காலாவதியாகும் என்பது அவர் மூளைக்கு எட்டியிருக்காது. இந்த ஊரில் யாருக்கும் எட்டாது.

"ஏன் நான்கு வாரம்?" என்று கேட்டேன்.

நசீர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். சீனத்தும்மாவின் புருஷன் ஆதம்பாவா கப்பலில் சமையல்காரராகப் போய், பிறகு அந்தக் கடலோர ஊர் ஹோட்டலின் குசினியில் சமைத்தவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். ஹோட்டலை வார வீடாக மாற்றியபோது, நீண்ட காலம் உழைத்தவர் என்று யாரும் வாங்காத அந்த நவம்பர் வாரத்தை அவருக்கே எழுதிக் கொடுத்தார்கள். முதல் வருடம் தன் வாரத்தில் போய் ராஜா மாதிரி இருந்துவிட்டு, வீட்டின் மூலை முடுக்கெல்லாம் விவரித்துக் கடிதம் போட்டார். அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கம். "மாமி அந்தக் கபுறைக் காணல்ல. ஏழு நாளுக்கு அவ்வளவு தூரம் போய் வாறதா, ஒரு மாசமாவது அவருக்குப் பக்கத்துல இரிக்கணும் எண்டு சொல்லுவா. போன வருசம் சீனி வருத்தத்துல கால் விரல் மூண்டை எடுத்திட்டாங்க. இந்த வருசம் போகாட்டி இனிப் போக ஏலா எண்டு டாக்டர் சொல்லிட்டார். பஸார்ல கம்பளியக் குடுத்து கோட்டும் தைச்சாச்சு."

மிச்ச வழி முழுவதும் பின் ஸீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அந்தத் தாள் இருந்தது.

அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். களைப்பு என்று படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு நசீரோடு போனேன். லண்டனில் நான் வெள்ளிக்கிழமை தொழப் போய் எத்தனையோ காலம் ஆயிற்று; வேலை என்று ஒரு சாக்கு எப்போதும் இருக்கும். இங்கே தோளோடு தோள் இடித்து நின்றபோது இரண்டு பக்கத்துச் சூடும் உடம்பில் ஏறியது. முடிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் வந்து கை கொடுத்தார்கள். "நீங்கதானே சீனத்தும்மாட வாரத்தைக் கொண்டு வந்த ஆள்?" என்று ஒருவர் கேட்டார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. இனி ஒத்திப்போட முடியாது என்று தீர்மானித்தேன்.

பகல் சோறு முடிந்து, மாஸ்டரும் நசீரும் கூடத்தில் இருக்கும்போது பெட்டியைத் திறந்து தாளை எடுத்தேன். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சபையில் வாசிக்கிற மாதிரி எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் குரல் தணிந்தது. நான்காவது வரியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாஸ்டர்?" திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "நாலு வாரம் எங்க?"

சொன்னேன். வாடகைக்கு விட்டதை, காலாவதி விதியை, இடமில்லை என்று எழுதிய கடிதங்களை, எல்லாவற்றையும் சொன்னேன். அச்சடித்த மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

"நெல்லைப் பத்தாயத்துல போடச் சொல்லிக் குடுத்தா, வித்திட்டு, இப்ப பத்தாயமும் இல்ல எண்டு சொல்றீங்க," என்றார் மாஸ்டர். "ஒரு மனிசன் தன்ட முறையக் குடுக்கிறது, திரும்பி வாங்கத்தான். ஒங்கட ஊருல அதுவும் தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

திரை விலகியது. சீனத்தும்மா வெளியே வந்தார். தலையில் வெள்ளை முக்காடு, கையில் தடி, இடது காலில் துணிச் சுற்று. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் எழுந்தேன். அவர் எனக்கு எதிரே இருந்த கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒண்டு கேக்கன். மறைக்காமச் சொல்லுங்க. இந்த வாரங்கள ஒப்படைக்காம வெச்சிரிந்தா, அந்த அந்த வருசமே நான் போயிரிக்கலாமா?"

நான் மாஸ்டரைப் பார்க்கவில்லை. "ஓம்," என்றேன். எங்கள் ஊர் 'ஆமாம்' வாயில் வரவில்லை.

மாஸ்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நான்தான் சொன்னன். நான்தான் எழுதினன். என்னை மன்னிச்சுப் பொருந்திக்கங்க, சீனத்தும்மா."

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க மாஸ்டர்," என்றார் அவர். குரலில் ஈரம் இல்லை. "அழாம இரிங்க."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மூன்று நாள் சோறு என் வயிற்றில் கிடந்தது. "மூன்றாவது வருட வாரத்தை வாடகைக்கு எடுத்தது நான்தான். உங்கள் வாரம் என்று அப்போது தெரியாது. ஏழு நாள் அந்த வீட்டில் இருந்தேன்," என்றேன்.

நசீர் எழுந்து நின்றுவிட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சீனத்தும்மா கையை உயர்த்தி அவரை இருக்கச் சொன்னார். பிறகு எழுந்து, தடியை ஊன்றி உள்ளே போனார். அசர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. தொழுது முடித்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கண் சிவந்திருந்தது.

"தனியாவா இரிந்தீங்க?"

"தனியாகத்தான்."

"அங்க போய் என்ன செய்தீங்க?"

ஏழு நாளும் மழை. காசு போட்டால் எரியும் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்தேன். டின் மீன், பாண், தேநீர். கடலைப் பார்க்க இரண்டு தடவை போனேன், காற்று தள்ளிவிட்டது. லண்டன் அறையில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தேன். அப்படியே சொன்னேன்.

"குசினி யன்னலால என்ன தெரியும்?"

யோசித்தேன். "பின்பக்கம் ஒரு மேடு. மதில். மதிலுக்கு அப்பால் மரங்கள், வரிசையாகக் கற்கள். கல்லறைகள். பார்க்க மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. திரையை இழுத்து மூடிவிட்டேன்."

"எத்தனை நாள் மூடி வெச்சிரிந்தீங்க?"

"ஏழு நாளும்."

சீனத்தும்மா தடியைச் சுவரில் சாய்த்தார். "அந்த யன்னலுக்குக் கிட்ட நிண்டு தேத்தண்ணி ஊத்திற நேரம், எண்ட மையவாடி இஞ்சயிருந்தே தெரியுது புள்ள எண்டு அவர் கடிதத்துல எழுதினார். அந்தக் கல்லுக்குள்ளதான் அவர் இரிக்கார். மதில் ஓரத்தோட," என்றார்.

ஏழு நாள் அந்த மனிதருக்கு எதிரே நின்று தேநீர் போட்டிருக்கிறேன். கோப்பைகூட அவர் குடித்ததாக இருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தடுத்தார்.

"மத்த மூண்டு வாரமும் ஆரு இரிந்தாங்களோ, எனக்குத் தெரியா. அவங்களக் கேக்க ஏலா. ஒங்களத் தெரியும். ஒங்களத்தான் கேக்கலாம். எண்ட முறைய நீங்க செய்திட்டீங்க. இனி எனக்கு ஒரு முறை செய்து தாங்க. வாற நவம்பர் வாரத்தை நான் ஆருக்கும் ஒப்படைக்கல்ல. ஏழு நாளுக்காக நவம்பர் குளிருக்குள்ள இந்தக் காலோட போக எனக்கு ஏலா. நீங்க எண்ட ஆளாப் போய் இரிங்க. ஹஜ்ஜுக்குப் போக ஏலாதவங்க பதிலுக்கு ஆள் அனுப்புறல்லயா, அப்படி. ஏழு நாளும் யன்னலத் திறந்து வைங்க. ஏழு நாளும் போய் அவருக்குச் சலாம் சொல்லுங்க. நான் சொல்றதைச் சொல்லுங்க."

"மௌத்தானவங்களுக்குச் சேதி சொல்றது... பள்ளிவாசல் ஆலிமுக்கிட்டக் கேக்கணும்," என்று மாஸ்டர் இழுத்தார்.

"ஆலிமுக்குச் சொல்ல வேணாம்," என்றார் சீனத்தும்மா.

"இந்தத் தாள்?" என்று நான் கேட்டேன். வேலைக்காரப் புத்தி.

"அதைக் கொண்டு போங்க. ஸ்பெயின்ல எனக்கு ஆரு இரிக்கா?"

நான்காம் நாள் காலை மாஸ்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார்: இதைக் கொண்டுவருபவர் என் விருந்தாளி, என் வாரத்தில் அவரைத் தங்க விடவும். சீனத்தும்மா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். பிறகு இன்னொரு தாளில் அவர் சொல்லச் சொல்ல மாஸ்டர் தமிழில் எழுதிக் கொடுத்தார். அதைப் பயணத்தில் படிக்க வேண்டாம், அங்கே போய் நாளுக்கு ஒரு வரியாகப் படியுங்கள் என்றார் சீனத்தும்மா. நசீர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனாலும் பஸ் ஏற்றிவிட வந்தார். இந்தத் தடவை பெட்டியை என் மடியிலேயே வைத்தார்.

லண்டன் திரும்பியதும், கையெழுத்தில்லாத தாளை மேலாளர் மேசையில் வைத்தேன். கூடவே, பார்த்ததையும் செய்ததையும் எழுதிச் சொந்தக்காரர்களின் வக்கீலுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். வேலை அன்றே போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. வேறு இடத்தில் வேறு குமாஸ்தா வேலை கிடைத்தது. நவம்பர் வந்தது.

வீட்டுக்காரர்கள் கடிதத்தைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார்கள். குசினித் திரையைத்தான் முதலில் திறந்தேன். மேட்டில் மழை. மதில் ஓரம் நாலைந்து கபுறுகள் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி, மக்காவின் பக்கமாகத் திரும்பிக் கிடந்தன. ஆதம்பாவாவின் கல் சின்னது. பெயரைத் தப்பும் தவறுமாகச் செதுக்கியிருந்தார்கள். குர்ஆனின் யாசீன் அத்தியாயம் எனக்குப் பாதி மறந்திருந்தது. கிதாபைப் பார்த்து ஓதினேன். பிறகு தாளைப் பிரித்தேன். முதல் நாள் வரி: சின்னவளுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டு, மாப்பிள நிந்தவூர், நல்ல புள்ள. சத்தமாகப் படிக்கக் கூச்சமாக இருந்தது. நாய் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் வயல் விளைச்சல். மூன்றாம் நாள் கிணற்றுத் தண்ணீர், இன்னும் உப்பேறவில்லை என்று. நான்காம் நாள் மாஸ்டரைப் பற்றி: அவரோட கோவப்படாதீங்க. ஐந்தாம் நாள் வரி இது: கால் விரல் மூண்டை எடுத்திட்டாங்க, நோவு இல்ல எண்டு சொல்லுங்க, இரிக்கு, ஆனா இல்ல எண்டு சொல்லுங்க. அப்படியே சொன்னேன், நோவு இல்லை என்பதுவரை மட்டும். ஆறாம் நாள் வரி ஒரே சொல்லாக இருந்தது. வரமாட்டன். அதைச் சொல்வதற்கு முன் மேட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று அழுதேன். என் தாய் இறந்த தந்தி வந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

ஏழாம் நாள் கடைசி வரியைப் படித்தேன். 'இண்டைக்கு ஒங்கடதைச் சொல்லுங்க. அவருக்கு ஆக்கள் கதைக்கிறது விருப்பம்.'

குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னுடையது என்று என்ன சொல்வது? வேலையைச் சொல்லலாம், அது போய்விட்டது. ஊரைச் சொல்லலாம், அங்கே என் வீட்டில் இப்போது யாரும் இல்லை. கல்யாணம் தள்ளிப் போய்ப் போய் இல்லாமலே போனதைச் சொல்லலாம். மழை காலைச் சப்பாத்துக்குள் நனைக்கும்வரை யோசித்தேன். இருட்டத் தொடங்கியது. மதில் வாசலைப் பூட்ட ஆள் வந்துவிட்டார். நான் ஆதம்பாவாவின் கல்லைப் பார்த்துக் குனிந்தேன்.

"நான் தனியாத்தான் இருக்கேன், காக்கா," என்றேன்.